கேள்விக்குக் கேள்வி

— ஐயோ, கருகுது! இஸ்திரிப் பெட்டியை எடுங்க, காலர் போச்சு!

— ஒண்ணும் போகல. லேசா மஞ்சளாயிருக்கு, அவ்வளவுதான். மடிச்சு விட்டா தெரியாது. நீ கவனத்தை இங்க வை. நேர்காணலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. வெளிய போய்க் கதவைத் தட்டிட்டு வா.

— இது சமையலறைங்க. கதவே கிடையாது.

— இருக்கறதா நினைச்சுக்கோ. ம்... உள்ள வாங்க மேடம். உக்காருங்க.

— எங்க உக்கார? நாற்காலி மேல உங்க ஸ்பேனர் பை இருக்கே, சார்.

— அதை... கீழ வைங்க. சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க.

— நீங்க எந்த இடத்துல இருந்து பேசறீங்க?

— என்னது?

— ஐயய்யோ... வாயில தானா வந்துடுச்சு.

— ஏம்மா, ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்றவங்ககிட்ட கேக்கற கேள்வியை, வேலை குடுக்கறவர்கிட்டயா கேப்ப?

— பழக்கதோஷம்ங்க. அந்த கன்ட்ரோல் ரூம்ல ராத்திரி பூரா கேள்வி கேக்கறது நான். பதில் சொல்றது எதிர்ப்பக்கம். என்னை யாரு உக்கார வச்சுக் கேள்வி கேட்டிருக்கா?

— நான் கேக்கறேன்ல? விளையாடாத. புதுசா வர்றவங்களுக்குப் பயிற்சி குடுக்கற வேலை. பகல் ஷிஃப்ட். கிடைச்சா ராத்திரி வீட்டுல இருப்ப. கிடைக்கலன்னா இதே கதைதான். நான் வர்றப்ப நீ கிளம்பிட்டிருப்ப. படிக்கட்டுல கையாட்டிட்டுப் போற குடும்பம்.

— லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்குப் படிக்கட்டுல தரிசனம். கேக்கவே நல்லா இருக்கு.

— பேச்சை மாத்தாத. உங்க பலவீனம் என்ன?

— மூச்சு சீரா வருதா சார்?

— ஏய்!

— இது வேணும்னே சொன்னது. உங்க மூஞ்சியைப் பாக்கணுமே...

— சிரிக்காத. அங்க போய் இப்படிச் சிரிச்சா எழுந்து போகச் சொல்லிடுவாங்க. பலவீனம்?

— என் வீட்டுக்காரர். துணி தேய்ச்சுத் தர்றேன்னு வர்றப்ப தடுக்கத் தெரியல.

— சரி விடு, அடுத்தது. ஃபோன்ல ஒருத்தர் பதறிப் போய்க் கத்தறார். என்ன பண்ணுவீங்க?

— என் குரலைத் தாழ்த்துவேன். காதுல விழணுமேன்னு அவரும் அடங்குவாரு. அப்புறம் ஒரே ஒரு வேலை குடுப்பேன். போய் வாசக்கதவைத் திறந்து வைங்கன்னு. கைக்கு வேலை வந்துட்டா வாய் தானா நின்னுடும்.

— இரு, இரு... போன மாசம் நம்ம பூனை காணாமப் போனப்ப என்கிட்டயும் இதைத்தான் பண்ணியா?

— கத்தினீங்களே! கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்.

— அடிப்பாவி! அதனாலதான் தெருவுல இருக்கற பூனையெல்லாம் உள்ள வந்து உக்காந்துச்சா?

— நம்மளதும் அதுல ஒண்ணா வந்துச்சுல்ல?

— ம்... வந்துச்சு. சரி, கடைசிக் கேள்வி. இந்த வேலை உங்களுக்கு ஏன் வேணும்?

— என் அனுபவத்தை மத்தவங்களோட பகிர்ந்துக்கணும்னு...

— ஒப்பிக்கற.

— நிறுவனத்தோட வளர்ச்சியில நானும் ஒரு...

— ஐயோ, தாயே, வேண்டாம். நிஜத்தைச் சொல்லு.

— நிஜத்தைச் சொன்னா வேலை கிடைக்குமா?

— பாத்தியா, மறுபடி கேள்விக்குக் கேள்வி. நான் யாரோ ஒரு அதிகாரி. என்னை உனக்குத் தெரியவே தெரியாது. சொல்லு.

— ...

— மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் சார்... கூப்பிடற எல்லார்கிட்டயும் நான் கேப்பேன், பக்கத்துல யாராவது இருக்காங்களான்னு. இருக்காங்கன்னா எனக்குப் பாதி பயம் போயிடும். யாரும் இல்லன்னு சொன்னா... உடனே வீட்டு ஞாபகம். அங்க ஒருத்தர் தனியாப் படுத்திருக்காரு. கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு, அவர் குறட்டை விடுவாரான்னுகூட எனக்குச் சரியாத் தெரியாது. அவருக்குப் பக்கத்துல இருக்கற ஆளு நானா இருக்கணும் சார். அதுக்குத்தான் இந்த வேலை. என்ன, மார்க் போட மாட்டீங்களா?

— நேரமாச்சு. நீ... கிளம்பு.

— நான் எங்கயும் போகலங்க. நேர்காணல் நேத்தே முடிஞ்சிடுச்சு. ஒரு நாள் முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. வேலையும் கிடைச்சாச்சு.

— ஓ.

— வெறும் ஓ-தானா? திட்டுங்களேன்! நேத்தே சொல்லியிருந்தா, எனக்காகப் போட்ட லீவை வேண்டாம்னுட்டு எந்த லிஃப்ட் குழியிலயாவது இறங்கியிருப்பீங்க. ஒரு நாள் முழுக்க வெளிச்சத்துல உங்களைப் பாக்கலாமேன்னுதான்... ஏன் சிரிக்கறீங்க? ஏங்க?

— எனக்கு நேத்து சாயங்காலமே தெரியும். நீ தூங்கிட்டிருந்த. உன் மேலதிகாரியம்மா கூப்பிட்டாங்க, நான்தான் எடுத்தேன்.

— தெரிஞ்சுமா காலையில இருந்து என் உயிரை வாங்கறீங்க?

— 'கடைசிக் கேள்விக்கு உங்க வீட்டம்மா சொன்ன பதிலுக்குத்தான் வேலையே குடுத்தோம்'னாங்க. அப்படி என்ன சொன்னான்னு கேட்டேன். 'அது உங்க சமாசாரம், நீங்களே கேட்டுக்கங்க'ன்னு சிரிச்சுட்டே வச்சுட்டாங்க. நான் புருஷனா வந்து கேட்டிருந்தா, நீ சொல்லியிருப்பியாக்கும்!