வெள்ளவத்தையில் ஓர் அமைதியான இடம்

ஒரு நல்ல பாருக்கு முதலில் வேண்டியது தடித்த திரைச்சீலை. எங்கள் பார் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. முனையில் ஆமியின் செக்பொயின்ற். திரையை இழுத்துவிட்டால் உள்ளே வெள்ளைக்காரன் காலம்: பித்தளை விசிறி, தோல் கதிரை, வெள்ளைக் கோட்டுப் போட்ட வெயிற்றர்மார். கம்பஸ் விரிவுரையாளர்களும் வசதியான வீட்டு மாணவர்களும் வந்து கொக்ரெயில் குடிப்பார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஒரே மேசையில் இருந்து சிரித்த இடம் அது. சண்டையைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்பது மட்டுமே என் சட்டம். அதனால் றேடியோகூட வைக்கவில்லை.

என் பெயர் கிளறன்ஸ். கொட்டாஞ்சேனையில் பிறந்து, கப்பலில் பரிமாறிப் பழகி, இங்கே மனேஜரானேன். நீங்கள் ஸ்ரனிஸ்லாஸைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். காணாமற்போனோர் விசாரணைக் குழுவில் எல்லோரும் உங்களைப்போலப் பொறுமையாகக் கேட்பதில்லை.

அவர் கம்பஸில் கணிதம் படிப்பித்தவர். சனிக்கிழமை மாலைகளில் எங்களிடம் பியானோ வாசிப்பார். மாதா கோயிலில் அவர் வாசிப்பதைக் கேட்டு, பாருக்கு அழைத்து வந்ததே நான்தான். நல்ல மனிதர். அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை.

யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவருடைய தாயார் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோனார். அதன்பிறகு வாசிப்பு மாறிவிட்டது. நடனப் பாட்டைக்கூடச் செத்தவீட்டுப் பாட்டுப்போல இழுப்பார். இடையில் எழும்பி மேசை மேசையாகப் போய், அந்தச் சனம் போய்ச் சேர்ந்த சாவகச்சேரிப் பக்கமிருந்து யாராவது வந்தார்களா என்று விசாரிப்பார். ஒரு மாலை, ஒரு பேராசிரியரின் மனைவி கிளாஸை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். அந்த மேசைக்காரர் பிறகு வரவேயில்லை.

நான் அவரிடம் பக்குவமாகத்தான் சொன்னேன்.

“சேர், இங்க வாறாக்கள் எல்லாத்தையும் மறக்க வாறவை.”

“நானும் அதுக்குத்தான் வாறன், கிளறன்ஸ். ஏலாமல் கிடக்கு.”

அதற்கு மேல் ஒரு மனேஜர் என்ன செய்வது?

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்து, வெள்ளவத்தையில் வீடு வீடாகத் தேடிய நாட்கள். எங்களிடம் சிவில் உடுப்பில் குடிக்க வரும் ஒரு இன்ஸ்பெக்டர், சந்தேகமாக யாராவது உண்டா என்று கேட்டார். பியானோக்காரர் எந்நேரமும் கவலையாக இருக்கிறார் என்றேன். கவலைப்பட்டதற்கு யாரையும் பிடிக்க முடியாது என்று சிரித்தார். நியாயமான பேச்சு. ஆகவே, துறைமுகத்துக்குள் எப்படிப் போவது என்று ஸ்ரனிஸ்லாஸ் என்னிடம் விசாரித்ததாகச் சொன்னேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டருக்கும் பிடிக்க ஏதாவது ஒரு நுனி வேண்டுமல்லவா?

அவரைக் கொண்டுபோக வந்த சனிக்கிழமை, எடுத்த பாட்டை முடிக்க விடுங்கள் என்று பொலிசாரிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். வந்தவர்கள் மரியாதையாகக் குசினிக் கதவடியில் காத்து நின்றார்கள். விருந்தினர் எவருக்கும் தெரியாது. போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“கிளறன்ஸ், இவையிட்டச் சொல்லுங்கோ, என்னைத் தெரியுமெண்டு.”

இன்ஸ்பெக்டரும் என்னைப் பார்த்தார். வாடிக்கையாளர்களைத் தவிர எனக்கு யாரையும் அவ்வளவாகத் தெரியாது என்றேன். பிறகு முன்பக்கம் போய் கிராமபோனைப் போட்டுவிட்டேன்.

அவருடைய தங்கை ஐறீன் அண்ணனின் படத்தோடு வந்தாள். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்து, ஆளைக் கண்டு கனகாலம் என்று ஆறுதல் சொன்னேன். இவ்வளவு கேட்டும் அவள் விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து பியானோவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வருகிறவர்களிடம் படத்தை நீட்டினாள். பின்மேசைக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. எல்லோரும் சேர்ந்து சிரிக்கிற ஒரே இடம், மறுபடியும் காலியாகத் தொடங்கியது.

அவளை இரண்டு மாதமாகக் காணவில்லை என்கிறீர்கள். ஓம், அவளுடைய பெயரையும் இன்ஸ்பெக்டரிடம் நான்தான் சொன்னேன். அண்ணனைத் தேடித்தானே அந்தப் பிள்ளை அலைந்தது. அவரைக் கொண்டுபோன இடத்துக்கே அவளையும் கொண்டுபோகச் சொல்லிக் கேட்டேன். எனக்கும் தங்கச்சிமார் இருக்கிறார்கள், அந்தப் பாசம் விளங்காத ஆள் அல்ல நான்.