வயிற்றுக்குள் ஒரு கேமரா

அத்தான்: டேய் மச்சான், உள்ள ஏதோ நகருற மாதிரி இருக்குடா.

மச்சான்: அது மாத்திரை அளவு கேமரா அத்தான். முழுங்கினதே தெரியாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? பேசாம நடங்க.

அத்தான்: உன் கடைக்குள்ள எங்கடா நடக்குறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் குழாய் முட்டுது.

மச்சான்: பஸ்ஸையே வளைச்சு ஓட்டுறவரு...

அத்தான்: ஓட்டினவருன்னு சொல்லு. டிப்போவுல மயங்கி விழுந்ததுலேருந்து சாவியக் கண்ணுலகூட காட்ட மாட்டேங்குறாங்க. உங்க அக்காகிட்ட வெயில்னு சொல்லி வைச்சிருக்கேன்.

மச்சான்: காட்டுவாங்க, காட்டுவாங்க! குடல்ல ரத்தக்குழாய் நாலு கோணல்மாணலா புடைச்சுக்கிட்டு கசியுதுன்னுதானே சந்தேகம்? குழாய் விட்டு மேலயும் பார்த்தாச்சு, கீழயும் பார்த்தாச்சு, ஒண்ணும் சிக்கல. நடுவுல ஒளிஞ்சிருந்தா இது படம் புடிச்சிரும். இடம் தெரிஞ்சா உள்ளேயே சுட்டு அடைச்சிருவாங்க.

அத்தான்: வேற ஏதாவது... மோசமா இருந்துட்டா?

மச்சான்: நானா இருந்தா கசிவைத் தேடிப் பாதிச் சுவத்தை உடைச்சிருப்பேன். உங்களுக்கு ஒரு செங்கல்கூட பேர்க்கல. சந்தோஷப்படுங்க!

அத்தான்: ஹா... சிரிக்க வைக்காதடா, படம் ஆடிப்போயிரும்!

மச்சான்: ஆடட்டும், டாக்டரும் கொஞ்சம்... ஐயையோ, அக்கா!

அத்தான்: எங்கடா?

மச்சான்: ரோட்டைத் தாண்டுறா. சட்டையை இறக்குங்க, இடுப்புல படம் பதியுற பெல்ட் தெரியுது!

அத்தான்: லைட்டு மின்னுதேடா!

மச்சான்: கையை வைச்சு மறைங்க... வா அக்கா, வா!

அக்கா: என்னங்க, வயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? அதென்ன மினுக் மினுக்குன்னு?

அத்தான்: சும்மா... ரேடியோ.

மச்சான்: இடுப்பு வலி பெல்ட்டு அக்கா.

அக்கா: ரேடியோவா, பெல்ட்டா?

மச்சான்: ரேடியோ... வைச்ச பெல்ட்டு.

அக்கா: அடேங்கப்பா! ஒரு பாட்டு வைங்களேன், கேப்போம்.

அத்தான்: இப்ப... விளம்பரம் ஓடுது.

அக்கா: சரி, விளம்பரம் முடியுறதுக்குள்ள உக்காருங்க. ரொட்டி கொண்டாந்திருக்கேன்.

அத்தான்: பசிக்கல.

அக்கா: காலையில முழுங்கினது. இந்நேரத்துக்கு லேசா சாப்பிடலாம்னுதானே சொல்லியிருக்காங்க?

அத்தான்: என்னது...? டேய்! சொல்லிட்டியா?

மச்சான்: நான் எங்க அத்தான் சொன்னேன்... அக்காதான் என்கிட்ட சொன்னா.

அத்தான்: உன்கிட்டயா? அவளுக்கு யாரு சொன்னா?

அக்கா: கல்யாணம் ஆனதுலேருந்து கக்கூஸ் பிரஷ்ஷைத் தொடாத மனுஷன், திடீர்னு தினமும் கழுவி வைச்சா சந்தேகம் வராதா? ஒரு நாள் கழுவ மறந்துட்டீங்க. கன்னங்கரேல்னு இருந்ததைப் பார்த்து, உள்ள ரத்தம் கசியுதுன்னு புரிஞ்சிருச்சு. டாக்டரை முதல்ல போய்ப் பார்த்ததும் நான்தான், இவனை உங்ககிட்ட ஏவி விட்டதும் நான்தான். என் முன்னாடி பயப்படக் கூச்சப்படுவீங்களேன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தேன். அழுகையெல்லாம் அன்னைக்கே அழுது தீர்த்தாச்சு... ம், வாயைத் திறங்க.