அண்ணன் வந்த விமானத்தின் கோடு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணன் துபாயிலிருந்து விடுப்பில் வந்தவர். தங்கை வானிலை ஆராய்ச்சி செய்பவள்.

“அண்ணே, நீ வந்த பிளேன் வானத்துல விட்ட வெள்ளைக் கோடும் பூமியச் சூடாக்குது.”

அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏட்டி, ரெண்டு வருசத்துக்கு ஒருக்க பிள்ளையளப் பாக்க வாரேன். அதுவும் குத்தமா?”

“உன்னய யாரு குத்தம் சொன்னா? அந்தக் கோடு மேகமா நின்னு, பூமியில இருந்து வெளிய போற சூட்ட மறிக்குது. ஈரக்காத்து உள்ள இடத்துல பிளேனக் கொஞ்சம் கீழ எறக்கி ஓட்டுனா கோடே நிக்காது. பிளேன் கம்பெனிக்காரவளும் வந்த ஆராய்ச்சிக் கூட்டத்துல இதச் சொன்னேன். எண்ணெய்ச் செலவு கூடும்னு அவ்வொ சிரிச்சாவ. விடாம கேட்டேன். இப்ப என்னய அந்த ஆராய்ச்சியில இருந்தே தூக்கிட்டாவ.”

பேருந்து மேலகரத்தைத் தாண்டியது. அண்ணன் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“சிரிச்சானுவளா? அவனுவ பிளேன்ல ஏறுததே எங்கள மாதிரி ஆளுவதான! எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டானுவளா?”

“மெதுவாப் பேசுண்ணே.”

“எதுக்கு மெதுவா? கூட்டத்துல சொன்னத எனக்கு முதல்ல இருந்து சொல்லு. துபாய்ல எங்க ரூமுல உள்ள அத்தன பேருக்கும் நான் சொல்லுதேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். குற்றாலம் வந்தும் இருவரும் எழவில்லை. நடத்துனர் அதட்டித்தான் இறக்கிவிட்டார்.