பவானி ஆற்றில் ஏழாவது டேக்

மேட்டுப்பாளையத்தில் படம் எடுக்கக் காலை ஒன்பது மணி வெயிலைப் போல வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. அன்றும் வெயில் நன்றாகத்தான் இருந்தது.

1957. நான் இயக்கிய முதல் படம். மலையில் வழிதவறிய ஒரு குடும்பம் ஆற்றைக் கடந்து ஊர் சேரும் கதை, ஒரு நாவலிலிருந்து எடுத்தது. கோயமுத்தூரில் அந்த நாவல் இல்லாத வீடு குறைவு. அதில் ஒரு வரியைக்கூட மாற்றக் கூடாது என்று இருந்தேன்.

கயிறு அறுந்து பரிசல் போகும்போது, தாய் ஆற்றைப் பார்க்கமாட்டாள், மகளைப் பார்ப்பாள். அப்படித்தான் எழுதியிருந்தது. தாயாக நடித்தவள் நாடகக்காரி ராமாமணி. மகளாக அவளுடைய சொந்த மகள், எட்டு வயது பங்காரு.

ஆறு டேக் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் ராமாமணி கரையைத்தான் பார்த்தாள். அங்கே பரிசல்காரர் காளிச்சாமி, அவர்கள் இருந்த பரிசலில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தார்.

“கயிறு இருக்குதுன்னு தெரிஞ்சுபோட்டு எப்படிங்க பயம் வரும்?” என்று சிரித்தாள்.

நியாயமான கேள்வி.

“மேல மழைங்க. தண்ணி கலங்கி வருது. இன்னைக்குப் போதுங்க” என்றார் காளிச்சாமி. அவரை டீ குடித்து வரச் சொன்னேன். கயிற்றை மரத்தில் கட்டிவிட்டுப் போனார்.

கேமராவை ஓடவிட்டு, மரத்துக்குப் பின்னால் போய்ப் பேனாக்கத்தியால் அறுத்தேன். சற்றுத் தள்ளி இருந்த பாறையில் பரிசல் ஒதுங்கும் என்பது என் கணிப்பு. ஒதுங்கவில்லை.

ராமாமணி மகளைப் பார்த்தாள்.

கேமராமேன் யூனுஸ், “அண்ணா, நெசமாவே போகுதுங்க” என்று கத்திக்கொண்டே ஆற்றில் குதித்தான். அவன் விட்டுப்போன கேமராவை நான் பிடித்து, பரிசல் போன பக்கம் திருப்பினேன். பிறகுதான் மரத்தில் மிஞ்சிய கயிற்றை அவிழ்த்து ஆற்றில் போட்டேன்.

ராமாமணியை யூனுஸ் கரை சேர்த்தான். பங்காரு இரண்டு நாள் கழித்துச் சிறுமுகையில் கிடைத்தாள்.

முடிச்சு நழுவியதாகச் சொல்லிக் காளிச்சாமிக்கு இரண்டு வருடம் தண்டனை கொடுத்தார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார். போன வாரம் இறந்துபோனார். அதனால் வந்தேன்.

படம் வெளிவருவதற்கு முன் ராமாமணி என் வீட்டுக்கு வந்தாள். “அந்த ஒரு இடத்தை மட்டும் வெட்டிப்போடுங்க, கும்புடறேனுங்க” என்றாள். வெட்டவில்லை. அது இல்லாமல் படம் இல்லை.

நாவலில் அந்தச் சிறுமி பிழைத்து ஊர் சேருகிறாள். அதே உயரத்தில் வேறொரு பெண்ணை நிறுத்தி, முதுகுப்பக்கமாகவே மீதியை எடுத்து, நானும் பிழைக்க வைத்தேன். பங்காருவுக்கு என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன், ஐயா.