இருவருக்கும் பொதுவானவன்

முதலில் நாற்காலிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மேடம். என் ஆலோசனை அறையில் மூன்று நாற்காலிகள். மூன்றும் ஒரே உயரம். ஒன்று அரை அங்குலம் கூடுதலாக இருந்ததால் தச்சரை வரவழைத்து அதன் கால்களை இழைக்கச் சொன்னேன். கணவன் மனைவி வழக்கில் நடுவே உட்காருகிறவன் தராசு முள் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்றவர்கள், பண்ணிய கல்யாணத்தை ஒட்டவைத்துப் பார் என்று சேர்க்க மறந்துவிட்டார்கள். நான் நாற்பத்தொரு ஜோடிகளை ஒட்டவைத்திருக்கிறேன். ஒன்றுகூடப் பிரிந்ததில்லை.

இவர்கள் நாற்பத்திரண்டாவது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், தங்கமான மனிதர். எப்போதும் பத்து நிமிடம் முன்னதாக வந்து, வரவேற்பில் இருக்கும் அக்காவின் கண்ணாடியைத் துடைத்து, கோணலை நிமிர்த்திக் கொடுப்பார். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். முதல் நாள் இடது மணிக்கட்டில் கட்டோடு வந்தாள்.

"இவர்தான் முறுக்கினாரு," என்றாள்.

"முறுக்கினேன் சார், தப்புதான்," என்று அவரும் உடனே ஒப்புக்கொண்டார். இவ்வளவு நேர்மையான ஆள் கிடைப்பது அபூர்வம். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"ரெண்டு கை தட்டினாத்தான்மா ஓசை," என்றேன் அவளிடம்.

"கன்னத்துல விழுந்தா ஒரு கையே போதும் சார். நல்லாவே கேக்கும்."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். 'நகைச்சுவை உணர்வு இருக்கிறது, நல்ல அறிகுறி' என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

அன்றே ஒப்பந்தம் போட்டோம். அவர் கை ஓங்கக் கூடாது. அவள் எதிர்த்துப் பேசக் கூடாது. ஆளுக்கு ஒரு நிபந்தனை, சரிசமம். கூடவே என் வழக்கமான விதிகள் அடங்கிய தாளிலும் கையெழுத்து வாங்கினேன். அதில் நான்காவது விதி, ஒருவர் என்னிடம் தனியாகச் சொல்லும் எதையும் ஒரே நாளில் மற்றவருக்கும் சொல்லிவிடுவேன் என்பது. ஐந்தாவது, சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் பத்தாவது நிமிடம் வீட்டுக்கு போன் செய்வேன் என்பது. இந்த இரண்டு விதிகளால்தான் நாற்பத்தொரு குடும்பங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அவள் தன் பங்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினாள். ஐந்தாம் வாரம் எதைக் கேட்டாலும் "ஆமா சார்" தவிர வேறு பேச்சில்லை. நல்ல முன்னேற்றம் என்று நான் மகிழ்ந்திருந்தபோது, அக்கா மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அந்தப் பொண்ணு கழுத்தைப் பாத்தீங்களா சார்? ஒரு தடவை தனியாக் கூப்பிட்டுக் கேளுங்களேன்."

"நான் ரெண்டு பேருக்கும் பொதுவான ஆளு, அக்கா," என்றேன்.

பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான்கு விரல்கள் தெளிவாகப் பதிந்திருந்தன. ஆனால் அதைப் பற்றிக் கேட்டால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.

ஆறாம் வாரம், புதன்கிழமை மதியம், அவளே போன் செய்தாள்.

"சனிக்கிழமை நாங்க வரமாட்டோம் சார். வழக்கம்போல வீட்டுக்கு போன் பண்ணிடாதீங்க, அதுக்குத்தான் சொல்றேன்."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் கடையில இருப்பாரு. நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடறேன். அவருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாரு சார்."

எல்லா வீட்டிலும் புழங்குகிற வார்த்தைதான். பால் பொங்கி வழிந்தாலும் 'கொன்னுடுவேன்' என்கிறோம். எனக்கு வருத்தமாக இருந்தது. ஒளிப்பானேன், கோபமாகவும் இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கப் பார்த்தாள்.

விதி விதிதான். வியாழக்கிழமை காலை கடைக்காரருக்கு போன் செய்து, பக்குவமாக எடுத்துச் சொன்னேன். மனிதர் பதறவே இல்லை.

"நல்லவேளை சொன்னீங்க சார். எத்தனை மணிக்குன்னு சொன்னா?"

சொன்னேன்.

"சரி சார். நான் பேசிப் பாக்கறேன்."

பேசிப் பார்க்கிறேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லக்கூட நினைத்தேன், ஆனால் அவருக்கு இதெல்லாம் புரியாது.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போகவில்லை. பதினோரு மணிக்கு மேல் அந்த வீட்டில் நடந்ததற்கு உங்களிடம் புகைப்படங்கள் இருக்கின்றன. செருப்பு மாட்டிக்கொண்டுதான் கிடந்தாள், வாசலைத் தாண்டவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள். கொன்றவர் அவர். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. அவருக்குத் தகவல் சொன்னவன் நான், அதையும் மறுக்கவில்லை.

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் பாக்கி இருக்கிறது. அவள் சொன்னதை அவரிடம் சொன்னீர்களே, அவரிடம் சொல்லிவிட்டதை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றீர்கள். நியாயமான கேள்வி. விதிப்படி சொல்லியிருக்க வேண்டும்தான். வியாழன் முழுக்க நான் அறையில் சும்மாதான் இருந்தேன். இரண்டு முறை அவள் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

சொன்னால் அன்றைக்கே கிளம்பிப் போய்விடுவாளே, மேடம்.