கிளப்பு அட்டை நாற்பது

சவுரியம்மாள்: சாமி... ஏ சாமி! ஜன்னலாண்ட வாங்களேன்.

கிருஷ்ணசாமி: கத்தாத. முதலாளி கல்லாவுல குந்திக்கினு இருக்காரு. மல்லாட்டைக் கடலை விக்கறவளுக்குக் காபி கிளப்பு பொறக்கடையில இன்னா வேலை?

சவுரியம்மாள்: நெத்தியில இன்னா இன்னிக்கு, செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்புல?

கிருஷ்ணசாமி: அமாவாசை. துண்ணூறு தூக்கலாத்தான் இருக்கும். வந்த விஷயத்தச் சொல்லு.

சவுரியம்மாள்: மடியப் பாருங்க. நாப்பது. அத்தினியும் ஒங்க முதலாளி முத்திர குத்தின அரையணா அட்டை.

கிருஷ்ணசாமி: நாப்பதா! இதையா இத்தினி நாளு கட்டிக்கினு இருந்த? சர்க்காரோட புது ஓட்டைக் காலணா வந்துடுச்சி, அட்டை இன்னியோட சரின்னு தண்டோரா போட்டாங்களே, காதுல வுழல?

சவுரியம்மாள்: வுழுந்துது. வெத்தலக்கடைக்காரன் நேத்து வரைக்கும் வாங்கினான், அந்தத் தைரியத்துல இருந்துட்டேன். காலையில மூஞ்சத் திருப்பிக்கினான். எண்ணெக்கடையும் அப்பிடித்தான். கிளப்புலயே போயி கழிச்சிக்கன்றான்.

கிருஷ்ணசாமி: பின்ன? நெசக் காசு வந்தப்புறம் அட்டை எவனுக்கு வேணும்?

சவுரியம்மாள்: அப்பிடிச் சொல்லாதீங்க. உலகச் சண்டை வந்து சில்லறையே காணாம போச்சே, ஆறு மாசம் ஊரு எதுல பொழச்சிது? இந்த அட்டையிலதான? எங்க மாதா கோயில் காணிக்கைத் தட்டுலயே வுழுந்துது.

கிருஷ்ணசாமி: சாமியாரு இன்னா பண்ணாரு?

சவுரியம்மாள்: எண்ணெக்கடையில நீட்டி வெளக்குக்கு எண்ணெ வாங்கினாரு. இது மட்டும் இல்லன்னா அரைப்படி மல்லாட்டைய எவன் வாங்கியிருப்பான்? சில்லறை இல்லன்னு கையத் தட்டிக்கினு போயிருப்பான். இது எனக்கு சோறு போட்டுது சாமி. நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

கிருஷ்ணசாமி: சரி... ஆனா முதலாளி அட்டைக்குக் காசு தர மாட்டேன்னுட்டாரு. ஒரு அட்டைக்கு ஒரு இட்லி. உள்ள குந்தித் தின்னுட்டுப் போவணும்.

சவுரியம்மாள்: அதுக்குத்தான் வந்தேன். நான் உள்ள குந்தலாமா? எம் மடியில கெடந்த அட்டை உள்ள போவலாம், கல்லாப்பெட்டியில படுக்கலாம். நான் வாசப்படி தாண்டினா கிளப்பையே கழுவி வுடுவீங்க.

கிருஷ்ணசாமி: நானா கழுவறேன்?

சவுரியம்மாள்: வேற யாரு? தண்ணி தூக்கறது நீங்கதான.

கிருஷ்ணசாமி: ...காலையிலயே வந்து பேஜாரு பண்ணாத. ஒனக்கு இப்போ இன்னா வேணும்?

சவுரியம்மாள்: நாளைக்கு விடிஞ்சா மண்டியில ஒரு ரூவா காசு வெக்கணும். வெச்சாத்தான் மல்லாட்டை அளப்பான். இந்த நாப்பதுதான் எம் முதலு. இது போச்சின்னா யாவாரம் போச்சி. எம் பொண்ணு ஜெயத்தப் பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்திக் களையெடுக்க அனுப்பணும். பத்து வயசு சாமி அதுக்கு.

சீனுவாசன்: கிருஷ்ணசாமி! யாருடா அங்க பின்னால?

கிருஷ்ணசாமி: மல்லாட்டைக்காரிங்க மொதலாளி! மாட்டுக்கு எச்சி எலை கேக்கறா!

சீனுவாசன்: வாரிக்கினு போவச் சொல்லு! மேல்மலையனூர் கோயில் கூட்டம் வந்துக்கினே இருக்குது, ஜல்தி வாடா!

சவுரியம்மாள்: எனக்கு ஏது சாமி மாடு?

கிருஷ்ணசாமி: வாய மூடு. யோசிக்க வுடு... விழுப்புரத்துலேர்ந்து வர்ற பட்டாளத்து ரயிலு இன்னிக்கு நிக்குமா?

சவுரியம்மாள்: நாலு மணிக்கு. இஞ்சினுக்குத் தண்ணி புடிப்பான்.

கிருஷ்ணசாமி: அட்டைய இப்பிடி நீட்டு. மலையனூர் கூட்டத்தோட கூட்டமா நாப்பது பேரு தின்னுட்டுப் போனாங்கன்னு கல்லாவுல போட்டுடறேன். மூணரைக்கு வா. கூடையில நாப்பது இட்லி இருக்கும். மேல எலையப் போட்டு மூடிக்கினு டேசனுக்குப் போ.

சவுரியம்மாள்: எங் கையால குடுத்தா வாங்குவானுங்களா?

கிருஷ்ணசாமி: வடக்கத்தி சிப்பாயிங்க. நீ யாரு, எந்தத் தெருன்னு கேக்க அவனுக்கு நம்ம பாஷை தெரியாது. பசி மட்டும்தான் தெரியும்.

சவுரியம்மாள்: முதலாளி கண்டுபுடிச்சாருன்னா?

கிருஷ்ணசாமி: இன்னாத்தக் கண்டுபுடிப்பாரு? அட்டை குடுத்த, இட்லி வாங்கின. திருட்டு இல்ல.

சவுரியம்மாள்: அப்போ அட்டைய ஏன் வேட்டியில ஒளிக்கறீங்க?

கிருஷ்ணசாமி: கல்லாவுல போடற வரைக்கும் நனையக் கூடாதுல்ல. போ... ஏ, நில்லு. போன வாரம் ஊருக்குப் போனியே. முகையூருல மழை பேஞ்சுதா?

சவுரியம்மாள்: ஒவ்வொரு வாட்டியும் இதையே கேக்கறீங்க. எங்க ஊரு மழை ஒங்களுக்கு எதுக்கு?

கிருஷ்ணசாமி: சும்மா கேட்டேன். போ, போ.

* * *

சவுரியம்மாள்: சாமி!

கிருஷ்ணசாமி: மறுபடியும் கத்தற. ரயிலு போயிடுச்சா?

சவுரியம்மாள்: போச்சி. இந்தா பாருங்க, நூல்ல கோத்துக்கினு வந்துட்டேன். எல்லாம் ஓட்டைக் காலணா. கழுத்துல போட்டுக்கலாம் போல இல்ல?

கிருஷ்ணசாமி: நாப்பதும் வித்துச்சா?

சவுரியம்மாள்: முப்பத்தொம்போது. ஒண்ண நான் தின்னுட்டேன்.

கிருஷ்ணசாமி: எப்பிடி இருந்துது?

சவுரியம்மாள்: உப்பு பத்தல. இதுக்கா எங்கள உள்ள வுடாம இத்தினி நாளு காவல் காத்தீங்க?

கிருஷ்ணசாமி: சிரிக்க வெக்காத, அவரு திரும்பறாரு.

சவுரியம்மாள்: ஏதாச்சும் கேட்டாரா?

கிருஷ்ணசாமி: கேட்டாரு. நாப்பது பேரு தின்னா நாப்பது எச்சி எலை இருக்கணுமே, எங்கடான்னாரு.

சவுரியம்மாள்: ஐயோ! இன்னா சொன்னீங்க?

கிருஷ்ணசாமி: மாட்டுக்காரி வாரிக்கினு போயிட்டான்னேன். அவருதான வாரிக்கச் சொன்னாரு.

சவுரியம்மாள்: இல்லாத மாட்டு வயித்துல நாப்பது எலை! நல்லா இருப்பீங்க சாமி. ஒங்க புண்ணியத்துல எம் முதலு நின்னுது, எம் பொண்ணு படிப்பும் தப்பிச்சிது. இந்தாங்க, இதுலேர்ந்து ஒரு காலணா உருவுங்க.

கிருஷ்ணசாமி: எனக்கு வாணாம்.

சவுரியம்மாள்: ஒனக்கு யாருடா குடுத்தா?

கிருஷ்ணசாமி: இன்னாது... டாவா?

சவுரியம்மாள்: அடுத்த வாரம் கல்லறைத் திருநாளு. முகையூரு போறேன். இந்தக் காலணாவுக்கு ஒரு மெழுவத்தி வாங்கி வெள்ளையம்மா தலைமாட்டுல ஏத்தப் போறேன். அதுக்குத்தான் ஒங் கையால உருவச் சொன்னேன்.

கிருஷ்ணசாமி: எந்த... எந்த வெள்ளையம்மா?

சவுரியம்மாள்: நீ அங்க வந்து நின்னா இங்க பொழப்பு போவும். தெரியும். பேர மாத்தி, ஒரு கோணி துண்ணூறு பூசினாலும் ஒங்கம்மா மூக்கு மறையுமாடா, தேவசகாயம்?

கிருஷ்ணசாமி: ...எப்போலேர்ந்து தெரியும்?

சவுரியம்மாள்: நீ இங்க தண்ணி தூக்க வந்த அன்னிலேர்ந்து. ரெண்டு வருஷம்.

கிருஷ்ணசாமி: அப்போ காலையில... ஒரு வார்த்த சொல்லி மெரட்டியிருந்தா நான் அப்பவே...

சவுரியம்மாள்: மெரட்டி வாங்கற இட்லி எதுக்குடா எனக்கு? மழை பேஞ்சுதான்னு கேட்டியே. பேஞ்சுது. கல்லறை மேல பில்லு மொளச்சிக் கெடக்குது. புடுங்கி வெக்கிறேன்.

சீனுவாசன்: கிருஷ்ணசாமி! எங்கடா தொலஞ்ச?

கிருஷ்ணசாமி: வந்துட்டேங்க மொதலாளி! ...இந்தா அத்தே, எங்கிட்டயும் ஒரு காலணா கெடக்குது. ரெண்டா ஏத்து.