காலி லாரி குடித்த டீசல்

ஆய்வாளர்: இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே. ஆலையில வைக்கோலை இறக்கிட்டு வயலுக்குத் திரும்பிப் போறப்ப லாரி...

டிரைவர்: காலி மேடம். சுத்தமா காலி.

ஆய்வாளர்: காலி லாரி இவ்வளவு டீசல் குடிக்குமா?

டிரைவர்: அது... கிழட்டு வண்டி மேடம்.

மேலாளர்: அவரை விடுங்க. நம்ம வைக்கோல் எரிபொருள் தேறுமா, தேறாதா? தேறலேன்னா ஆலைக்குப் பூட்டுதான். நூத்திருபது பேர் வேலை.

ஆய்வாளர்: வயல்ல கட்டு கட்டுறதுலேர்ந்து வண்டியில எரியற வரைக்கும் பாத்தாச்சு சார். டீசலைவிட அறுபது சதவீதமாவது கரியமில வாயு குறையணும். நமக்கு அம்பத்தேழுலயே நிக்குது.

மேலாளர்: வெறும் மூணு சதவீதம்தான் குறையுதா...

ஆய்வாளர்: உரம்தான் கழுத்தை அறுக்குது. வைக்கோலை நாம அள்ளிட்டா வயலுக்குக் கூடுதலா உரம் வேணும். அதைத் தயாரிக்கறப்ப வர்ற கரியமில வாயுவும் நம்ம கணக்குலதான் ஏறும். ஆனா விவசாயிங்க யாருமே கூடுதலா வாங்கலையாம். எப்படிண்ணே?

டிரைவர்: என்னைக் கேட்டா...

ஆய்வாளர்: அங்க போற வண்டி உங்களுதுதானே.

டிரைவர்: ...சார், சொல்லட்டுமா?

மேலாளர்: என்னை ஏன்யா பாக்கற? தெரிஞ்சதைச் சொல்லு.

டிரைவர்: ஆலையில மிஞ்சற சக்கையும் சாம்பலும் மேடம். குழியில கொட்டணும்னுதான் மேலிடத்து உத்தரவு. நான் வயல்ல கொட்டிடுவேன். மூணு வருசமா.

ஆய்வாளர்: எல்லா நடையுமா?

டிரைவர்: ஒரு நடைகூட காலியாப் போனதில்ல. அதைப் போட்டா உரமூட்டை பாதி போதும்ங்கறாங்க.

மேலாளர்: இதெல்லாமா கணக்குல வரும் மேடம்?

ஆய்வாளர்: வராம? இருங்க... கூடுதல் உரம் போச்சு. குழியில அழுகி வர்ற வாயுவும் போச்சு. லாரிச் சுமையைச் சேத்தாலும்... அறுபத்தி நாலு.

மேலாளர்: மறுபடி சொல்லுங்க.

ஆய்வாளர்: அறுபத்தி நாலு சார். தாண்டிட்டோம்!

டிரைவர்: அட, என் கிழட்டு வண்டியே...

ஆய்வாளர்: ஆனா வாய்வார்த்தை செல்லாதுண்ணே. சக்கையை வாங்கிப் போட்ட விவசாயி ஒருத்தராவது கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குள்ள அறிக்கை போயாகணும்.

டிரைவர்: உத்தரவை மீறின விஷயம். யார் மேடம் போடுவா?

ஆய்வாளர்: ஒருத்தர்கூடவா இல்ல?

டிரைவர்: இருக்கார்... பேரைச் சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்துட்டேன்.

மேலாளர்: பேனாவை இப்படிக் குடுங்க மேடம். முதல் லோடு என் வயல்லதான் இறங்குச்சு. கொட்டச் சொன்னவனும் நான்தான்.